கோடு போட்டுப் பார்த்த நாடு: மாகாணங்களின் நாளையைக் கணித்தவர்களும் கணக்கில் வராத ஆக்களும்

ஒரு சின்னக் கணக்கு. 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வடமாகாணத்தில் ஏறத்தாழ 8 லட்சத்து 75 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1981இல் 11 லட்சத்து 9 ஆயிரம் பேர். பத்து வருடத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. இதே வேகத்தில் கோட்டை நீட்டினால் மூன்று தசாப்தம் கழித்து 22 லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். சரி, அது கொஞ்சம் கூடத்தான். பிறப்பு எல்லா இடமும் குறைந்துவிட்டது. முழு நாடும் வளர்ந்த அளவுக்குத்தான் வடக்கும் வளர்ந்தது என்று வைத்துக்கொண்டால்கூட 2012இல் 15 லட்சம் பேர் இருந்திருக்க வேண்டும். 2012இல் உண்மையில் எண்ணப்பட்டது 10 லட்சத்து 61 ஆயிரம் பேரை. 31 வருடத்துக்கு முன் இருந்ததை விடவும் குறைவு.

இடையில் விழுந்த அந்த நாலரை லட்சம் எங்கே என்று எங்கட வீடுகளில் யாரும் விளக்கத் தேவையில்லை. கனடாவில், லண்டனில், பாரிசில், தமிழ்நாட்டு முகாம்களில், கொழும்பில். 1990இல் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில். செத்துப்போனவர்கள், அவர்களுக்குப் பிறக்காமலே போன பிள்ளைகள். எங்களுக்கு இருந்தது வேறொரு கேள்வி. "இந்த மாகாணத்தில் இத்தனை வருடத்தில் இத்தனை பேர் இருப்பார்கள், பொருளாதாரம் இவ்வளவு வளரும்" என்று இந்த நாட்டில் எழுதி வைத்தவர்கள் எதைப் பார்த்து எழுதினார்கள்? எதைப் பார்க்காமல் விட்டார்கள்? கணிப்பு பிழைத்தபோது அது யார் தலையில் விடிந்தது?

சனத்தொகையை எதிர்வுகூறும் முறை கேட்பதற்குச் சுலபம். இப்போது இருக்கிறவர்களை வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் சாவார்கள், எத்தனை பிள்ளைகள் பிறக்கும், எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேர் போவார்கள் என்று வருடம் வருடமாகக் கூட்டிக் கழிக்க வேண்டும். பிறப்பும் இறப்பும் மெல்ல மெல்லத்தான் மாறும், அதனால் ஓரளவுக்குக் கணித்துவிடலாம். வரவும் போக்கும்தான் சிக்கல். முழு நாட்டுக்கும் கணக்குப் போடும்போது அதைச் சிறிய தொகை என்று ஒதுக்கிவைத்தாலும் பெரிதாகப் பிழைக்காது. மாகாணத்துக்கு வந்தால் அது பெரிதாகிவிடும். மாவட்டத்துக்கு வந்தால் அதுதான் எல்லாமே. முல்லைத்தீவு மாதிரி ஒரு மாவட்டத்தில் ஒரு மாதத்துக்குள் சனத்தொகை பல மடங்காகலாம், அடுத்த மாதம் பூச்சியமாகலாம். இரண்டும் 2009இல் நடந்தன.

இது போரோடு தொடங்கின கதை இல்லை. முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தபோது நாட்டில் 24 லட்சம் பேர். அப்போது மத்திய மலைநாடு முழுக்கக் கோப்பி. சென்னை மாகாணத்தில் இருந்து மன்னார், மாத்தளை வழியாக நடந்துவந்த தொழிலாளர்களால் மலைநாட்டின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. அந்த வருடம் யாராவது கோப்பியை வைத்து ஒரு கோடு போட்டிருந்தால் அது வானத்துக்குப் போயிருக்கும். ஆனால் இலைத்துரு நோய் 1869இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. 1880களில் கோப்பி முடிந்துபோனது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் சிறிதாக நட்ட தேயிலைதான் அடுத்த நூற்றாண்டை நடத்தியது. ஒரு பூஞ்சணமும் ஒரு செடியும் ஒரு மாகாணத்தின் நாளையையே திருப்பிவிட்டன. அந்த மாகாணங்களின் எல்லைகளும் பழமையானவை இல்லை. 1833இல் ஐந்து மாகாணங்கள், 1889இல் ஒன்பது. பிரித்தானியரின் நிர்வாக வசதிக்குக் கீறின அந்த ஒன்பதையும் வைத்துத்தான் இன்றைக்கும் வளர்ச்சியை அளக்கிறோம்.

அடுத்த பெரிய திருப்பம் மலேரியா. 1934, 35இல் பரவிய கொள்ளைநோய் ஏறத்தாழ 80 ஆயிரம் பேரைக் கொண்டுபோனது. 1946இல் டீடீற்றி தெளிப்பு நாடு முழுக்கத் தொடங்கியது. அந்த வருடம் ஆயிரத்துக்கு 20ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த வருடமே 14க்கு இறங்கியது. உலகத்தில் வேறெங்கும் ஒரு வருடத்தில் இப்படி விழுந்ததா என்று ஆய்வாளர்கள் பல காலம் வாதாடினார்கள். 1946க்கும் 1953க்கும் இடையில் நாடு வருடத்துக்கு 2.8 சதவீதம் வளர்ந்தது. இந்த வேகத்தில் 25 வருடத்தில் சனத்தொகை இரட்டிப்பாகும். திட்டமிடல் செயலகம் நீண்டகால எதிர்வுகூறல்களைச் செய்யத் தொடங்கியது இந்தப் பயத்தில்தான். 1959இல் எஸ். செல்வரத்தினம் 1956 தொடக்கம் 1981 வரைக்குமான சனத்தொகை எதிர்வுகூறலை அந்தச் செயலகத்துக்காகத் தயாரித்தார். பத்தாண்டுத் திட்டமும் அதே வருடம்தான் வந்தது. எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை வேலை, எத்தனை புசல் நெல் என்ற கேள்விகள் எல்லாம் தலைக்கணக்கில் இருந்துதான் தொடங்கின.

நாடு இரட்டிப்பாகவில்லை. 1953இல் 81 லட்சம், 1981இல் ஒரு கோடியே 48 லட்சம். இலவசக் கல்வியால் பெண் பிள்ளைகள் படித்தார்கள், கலியாண வயது பின்னால் போனது, பிறப்பு குறைந்தது. இது நல்ல கதை, எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கு. பாடப்புத்தகம் குரலைத் தாழ்த்திச் சொல்லும் இன்னொரு காரணமும் இருக்கு. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி 5 லட்சத்து 25 ஆயிரம் மலையகத் தமிழர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1971இல் 11 லட்சத்து 74 ஆயிரமாகப் பதிவான இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8 லட்சத்து 18 ஆயிரம். கப்பலேறியவர்கள் ஒரு பகுதி. இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்களும் உண்டு. பேப்பரில் ஒரு வரி, ஒரு சமூகத்தின் வளர்ச்சிக் கோடு கீழே திரும்பிவிட்டது. எந்தப் புள்ளிவிபரவியலாளரும் 1953இல் இதை எதிர்வுகூறியிருக்க ஏலாது. அரசியல்வாதி கூறியிருக்கலாம், ஏனென்றால் 1948இலேயே குடியுரிமை பறிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகும் தேர்தல் தொகுதிகளைப் பிரிக்கும்போது அவர்களுடைய தலைகள் எண்ணப்பட்டன. வாக்கு மட்டும் இல்லை. மலைநாட்டுத் தொகுதிகள் அவர்களுடைய தலைகளால் கூடின. அந்தத் தொகுதிகளில் வாக்குப்போட்டவர்கள் வேறு ஆக்கள்.

எதிர்வுகூறலுக்கும் திட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் கிழக்கில்தான் நன்றாகத் தெரியும். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. அணை, வாய்க்கால், காணி, குடியேற்றம். கிழக்கு மாகாணத்தில் 1946இல் பத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த சிங்கள மக்களின் பங்கு 1981இல் நான்கில் ஒன்று. இதைச் சனத்தொகைப் போக்கு என்று சொல்வதா? முடிவெடுத்து, வரவுசெலவுத் திட்டத்தில் காசு ஒதுக்கி, அதிகாரிகளை அனுப்பிச் செய்த ஒன்றுக்கு "போக்கு" என்று பெயர் வைப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. மகாவலியிலும் இதேதான். ஐநாவின் நிபுணர்கள் 1968இல் 30 வருடத்துக்கென்று வகுத்த திட்டத்தை 1977இல் வந்த அரசாங்கம் ஆறே வருடத்துக்குச் சுருக்கியது. வறண்ட வலயத்து மாவட்டங்களின் வளர்ச்சி வீதம் அதற்கேற்ப எழும்பியது. அந்தக் காணிகளுக்கு வந்த தெற்கின் ஏழைக் குடும்பங்களும் கஷ்டப்பட்டுத்தான் வாழ்ந்தார்கள், அதை நாங்கள் மறுக்கவில்லை.

இப்போது முதலில் போட்ட கோட்டுக்கு வருவோம். 1971 தொடக்கம் 1981 வரை வடக்கு ஏன் அவ்வளவு வேகமாக வளர்ந்தது? யாழ்ப்பாண மாவட்டத்தின் வளர்ச்சி நிதானமானது. வேகம் வன்னியில். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்த குடும்பங்கள் குடியமர்ந்தன. வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் தொடங்கிய காந்தீயம் அமைப்பு அவர்களுக்குப் பண்ணைகளை உருவாக்கிக் கொடுத்தது. அதாவது எழுபதுகளின் அந்த "இயல்பான" வளர்ச்சிக்குள்ளேயே ஓர் இடம்பெயர்வு ஒளிந்திருக்கு. கோட்டை நீட்டுகிறவர் அடிபட்டு ஓடிவந்தவர்களையும் சேர்த்துத்தான் நீட்டுகிறார்.

பொருளாதாரக் கோடும் அப்படித்தான். எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதி தடைபட்டதால் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள், லொறி வாங்கினார்கள். 1975இல் நின்று பார்க்கிற ஒருவர் யாழ்ப்பாணம் விவசாயத்தால் செழிக்கப் போகிறது என்று எழுதியிருப்பார். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்தன, விலை விழுந்தது. முடிவு கொழும்பில், விளைவு இணுவிலில். அந்தக் காலத்து இளைஞர்கள் ஏன் கோபப்பட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் தரப்படுத்தலை மட்டும் சொல்லிவிட்டு வெங்காயத்தை விட்டுவிடுவது எங்களுக்கு எப்போதும் ஒரு குறையாகத்தான் தெரியும்.

1991இல் குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் நடந்தது, ஆனால் 18 மாவட்டங்களில் மட்டும்தான் முழுமையாக. வடக்கு கிழக்கின் மற்ற ஏழு மாவட்டங்களில் அரைகுறையாகவோ, இல்லாமலோ போனது. அப்படியென்றால் 1981இல் இருந்து 2012 வரைக்கும், ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பிள்ளை பெறும் காலம் முழுக்க, வடக்கில் எத்தனை பேர் என்ற கேள்விக்குக் கொழும்பிடம் இருந்தது மதிப்பீடு மட்டும்தான். 1981இன் எண்ணிக்கையில் இருந்து பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, போனவர்களைக் குத்துமதிப்பாக எடுத்து. போட்டில் மண்டபத்துக்குப் போனவர் எந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்?

ஆனால் இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. கிராம சேவகரின் கணக்கு. நிவாரண அட்டைக்கு, உலர் உணவுக்கு, ஒவ்வொரு இடம்பெயர்வுக்கும் விதானையார் குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதினார். அது கச்சேரிக்குப் போனது. போர்க்காலம் முழுக்க இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று நம்பவில்லை. கச்சேரிக் கணக்கு ஊதிப்பெருத்தது என்று கொழும்பு சொல்லும், கொழும்புக் கணக்கு பட்டினி போடுவதற்கானது என்று வன்னி சொல்லும்.

2009இல் இது உயிர்ப் பிரச்சினையானது. அந்த வருடத் தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருக்கும் பொதுமக்கள் 70 ஆயிரம் பேரளவில்தான் என்று அரசாங்கம் சொன்னது. பெப்ரவரியில் முல்லைத்தீவின் மேலதிக அரசாங்க அதிபரின் நிலவர அறிக்கை 81 ஆயிரம் குடும்பங்கள், 3 லட்சத்து 30 ஆயிரம் பேர் என்றது. உணவும் மருந்தும் சிறிய எண்ணுக்கே அளவிடப்பட்டன. முடிவில் உயிரோடு வெளியே வந்து முகாம்களுக்குள் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னது நிவாரணத்தைக் குறைக்கப் பயன்பட்டது என்று ஐநா நிபுணர் குழு 2011இல் எழுதியது. விதானைமாரின் கொப்பிதான் உண்மைக்குக் கிட்ட இருந்தது.

போர் முடிந்ததும் கோடுகள் மறுபடி மேலே போயின. "வடக்கின் வசந்தம்" என்று பெயர். ஏ9 வீதி, வங்கிக் கிளைகள், லீசிங் கொம்பனிகள். 2010, 2011, 2012இல் வடமாகாணத்தின் பொருளாதாரம் வருடத்துக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்ததாக மத்திய வங்கி அறிவித்தது. ஒன்பது மாகாணங்களிலும் வேகமானது இதுதான் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். இரண்டு விசயம் தெரிந்தால் அந்த எண் வேறுமாதிரி இருக்கும். அது பணவீக்கத்தையும் சேர்த்த நடப்பு விலை வளர்ச்சி. அதோடு, தரைமட்டமான இடத்தில் ஒரு சுவர் எழும்பினாலும் சதவீதம் பெரிதாகத்தான் வரும். நூறு ரூபா நூற்றிருபத்தைந்து ஆவது ஒன்று, பத்தாயிரம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஆவது வேறொன்று.

மாகாண உற்பத்தி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதும் கனபேருக்குத் தெரியாது. ஒவ்வொரு மாகாணத்திலும் போய் அளந்து கூட்டுவதில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியை எடுத்து, துறை துறையாக, பொருத்தமான சுட்டிகளை வைத்து ஒன்பதாகப் பிரிக்கிறார்கள். மேல் மாகாணத்துக்கு ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் போகும். வடக்குக்கு ஐந்து சதவீதம் அளவில்தான். வெளிநாட்டில் இருந்து அக்கா அனுப்பும் காசு இதில் உற்பத்தியாக வராது. அந்தக் காசில் கட்டும் வீடு வரும், வாங்கும் சாமான் விற்கும் கடையின் இலாபம் வரும். அக்கா வரமாட்டா. ஆக யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தைக் கணிக்க வேண்டுமென்றால் ஸ்காபரோவின் வீட்டு வாடகையையும் பார்க்க வேண்டும். மாகாண அட்டவணையில் அதற்கு ஒரு நிரல் இல்லை.

இந்த எண்களெல்லாம் புள்ளிவிபரத் திணைக்களத்து அலுமாரிக்குள் கிடக்கிற விசயமென்று நினைக்க வேண்டாம். நீங்கள் உயர்தரம் எழுதினவரா, எழுதப்போகிறவரா? பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. 55 சதவீதம் வரையான இடங்கள் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. அதாவது உங்கட மாவட்டத்தின் வெட்டுப்புள்ளிக்குள் உங்கட இசட் புள்ளி மட்டும் இல்லை, உங்கட ஊரில் யார் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. கிளிநொச்சியைக் கழித்துப் பார்த்தால் 1981இல் யாழ்ப்பாண மாவட்டம் நாட்டுச் சனத்தொகையில் 5 சதவீதம். 2012இல் 2.9. 2024இல் 2.7.

பாராளுமன்ற ஆசனங்களும் இதே திசையில்தான். அங்கே அளவுகோல் பதிவான வாக்காளர் தொகை. கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் 11 ஆசனங்கள். 2010இல் 9. 2015இல் 7. 2024இல் 6. தேர்தல் மேடையில் ஒற்றுமையைப் பற்றிப் பேசின ஒருவரும் இந்தப் பதினொன்றில் இருந்து ஆறுக்கு வந்த பாதையைப் பற்றி அரைமணித்தியாலம் பேசி நாங்கள் கேட்டதில்லை.

2024 குடிசன மதிப்பீட்டின் முதற்கட்ட முடிவுகள் 2025 ஏப்ரலில் வந்தன. நாட்டில் 2 கோடியே 17 லட்சத்து 63 ஆயிரம் பேர், வருடாந்த வளர்ச்சி 0.5 சதவீதம். வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களையும் கூட்டினால் ஏறத்தாழ 11 லட்சத்து 49 ஆயிரம். 1981ஐத் தாண்டிவிட்டோம், 43 வருடத்தில் 40 ஆயிரம் பேரால்.

அந்த அறிக்கையில் ஆகக்கூடிய வளர்ச்சி வீதம் எந்த மாவட்டத்துக்கு என்று பார்த்தால் முல்லைத்தீவு, 2.23 சதவீதம். ஆகக் குறைந்தது பக்கத்து மாவட்டமான வவுனியா, 0.01 சதவீதம். செய்தி வந்த அன்றே "முல்லைத்தீவு முந்துகிறது, வவுனியா தேய்கிறது" என்று பதிவுகள் பறந்தன. கொஞ்சம் பொறுங்கோ. 2012 மார்ச்சில் எண்ணியபோது வவுனியாவின் செட்டிகுளம் முகாம் இன்னும் மூடப்படவில்லை, அது மூடியது அந்த செப்டெம்பரில். முல்லைத்தீவு ஆக்கள் சிலர் அன்றைக்கு வவுனியாவில் எண்ணப்பட்டார்கள், பிறகு ஊருக்குப் போனார்கள். ஓரிடத்துக் கூடுதலிலும் மற்ற இடத்துத் தேக்கத்திலும் இவர்களும் இருக்கிறார்கள். முல்லைத்தீவுக்குள் வெலிஓயாவும் அடங்கும், மகாவலி எல் வலயம். அங்கே கூடின தொகை எவ்வளவு, மீளக்குடியமர்ந்தவர் எவ்வளவு, பிறந்த பிள்ளைகள் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் 2.23ஐ நீட்டினால் 31 வருடத்தில் முல்லைத்தீவு இரட்டிப்பாகும் என்று வரும். அதை நம்பி யாராவது ஆஸ்பத்திரியும் பஸ் நிலையமும் திட்டமிடுவார்கள். வேறு யாராவது அதே எண்ணைக் காட்டிக் காணி கேட்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் அதே காலத்தில் கூடினது ஏறத்தாழ பத்தாயிரம் பேர். நாடு முழுவதும் பதிவான பிறப்புகள் 2019இல் 3 லட்சத்து 19 ஆயிரம், 2023இல் இரண்டரை லட்சத்துக்கும் கீழே. 2022இல் மட்டும் வெளிநாட்டு வேலைக்கென்று பதிந்துபோனவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். இந்த முறை போவது தமிழர் மட்டும் இல்லை. குருநாகலும் காலியும் போகின்றன. மாகாணங்களின் வருங்காலத்தைக் கணிக்கிறவர்கள் முதல்தடவையாகத் தெற்கிலும் எங்களுக்குப் பழகின அந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள்.

2024 மதிப்பீட்டின் விரிவான அட்டவணைகளைத் திறக்கும்போது மொத்தத் தொகையில் நிற்காமல் இரண்டு பக்கங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, பிரதேச செயலகவாரியாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். முதலாம் வகுப்புக்குச் சேர்க்கப் பிள்ளையில்லாமல் எந்தப் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்பது அதில் இருக்கும். மற்றது, இப்போதுள்ள இடத்துக்கு எங்கே இருந்து, எப்போது, ஏன் வந்தார்கள் என்ற இடப்பெயர்வு அட்டவணை. 1981இல் எழுபதுகளின் வன்னி வளர்ச்சியை யாராவது அந்தப் பக்கத்தோடு சேர்த்து வாசித்திருந்தால், 22 லட்சம் என்ற கோட்டைப் போடமுதல் ஒருக்கால் யோசித்திருப்பார்கள்.